லோவு வாய் திறந்தால்

சமையல் மேசையில் ஓத அட்டவணையை விரித்து
நாலு மூலைக்கும் பாரம் வைத்தேன்:
உப்பு ஜாடி, தூண்டில் சுருள், சௌந்தரியின் மூக்குக்கண்ணாடி,
இன்னும் கட்டாத ரசீதுகளின் கட்டு.
மேர்பேங்கில் இரவு பத்து மணி.
எண்ணெய் ஆலை ஓய்ந்த பிறகு
இந்த நேரத்தில் கடல் காதில் விழுகிறது.

தயாளன் தொலைபேசியில் கத்துகிறான்:
"வியாழன் அமாவாசை.
சனிக்கிழமை விடியலில் நாலு ஐம்பதுக்கு
ஏற்றம் நிறைந்து நிற்கும். அப்புறம் வற்றம்.
வற்றுகிற நீரில்தான் சால்மன் வாய் வைக்கும்."

அது சால்மன் இல்லை.
டர்பனில் தூண்டில் பிடித்த யாருக்கும் தெரியும்,
தெரிந்தே சால்மன் என்போம்.
வெள்ளி விலா, வயிற்றுக்குள் ஓர் உடுக்கை,
கரையேற்றினால் கர்ர் கர்ர் என்று திட்டும்.
துறைமுகத்தில் ஒரு தூத்துக்குடிக்காரன்,
கப்பல் சமையல்காரன்,
பார்த்ததும் கத்தாளை என்றான்.
மீன் மறுக்கவில்லை.
என் குடும்பப் பெயரில்
எந்த எழுத்தரோ தின்றுவிட்ட எழுத்து இரண்டு.
நானும் மறுத்ததில்லை.

சிக்கல் அதில் இல்லை.
எனக்கு டயர் கடையில் விடுமுறை சனிக்கிழமை மட்டும்.
அந்தச் சனியோ புரட்டாசிச் சனி.
குளிர்பெட்டியை மஞ்சள் நீரால் துடைத்தாயிற்று,
வீட்டில் முட்டை ஓடுகூடக் கிடையாது.
"தின்னவா போகிறோம், பிடித்து விட்டுவிடுவோம்" என்றேன்.
பீன்ஸை ஊற வைத்துக்கொண்டே சௌந்தரி கேட்டாள்:
"விடுவதற்கு எதற்குப் பிடிக்கிறீர்கள்?"

அதைத் தயாளனிடம் கேட்டேன்.
சிக்னல் போய்விட்டதுபோல் நடித்தான்.

ஆனாலும் ஈ கட்டினேன்.
ஈ என்பதும் ஈ இல்லை,
விரல் நீளத்தில் ஒரு பொய்க் குஞ்சுமீன்.
வெள்ளாட்டு மயிர், அதன்மேல் கொஞ்சம் பச்சை,
முதுகுக்கு மயிலிறகில் நாலு இழை.
தைப்பூசத்தன்று என் காவடியிலிருந்து உதிர்ந்தது அது.
சௌந்தரியிடம் சொல்லவில்லை.
முருகனிடம் சொல்லிவிட்டேன்.
முதல் ஈ பல் துலக்கும் பிரஷ் மாதிரி வந்தது.
இரண்டாவதைப் பூனை எடுத்துக்கொண்டது.
மூன்றாவதை வாளித் தண்ணீரில் இழுத்துப் பார்த்தேன்,
அது திரும்பி என்னைப் பார்த்தது.
குறட்டை எடுத்து
கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கினேன்.
இது அவளுக்குப் பதில் ஆகாது என்று தெரியும்.

ஒன்பதாம் எண் கோல். அமிழும் கயிறு.
அனுமதிச் சீட்டு, தலைவிளக்கு, மாற்று கால்சட்டை.
பசித்தால் இசிபிங்கோவில் கால் ரொட்டிக்குள் பீன்ஸ்.
மூன்று மணிக்குப் புறப்பாடு, தயாளனின் பாக்கியில்.
அந்த வண்டிக்கே இன்னும் பதினோரு தவணை பாக்கி.
தென்மேற்குக் காற்று எழுந்தால்
ஈ என் காதில்தான் வந்து குத்தும்,
ஆகவே தொப்பி.

எல்லாம் எழுதி முடித்த பிறகு முசியின் செய்தி.
வின்கல்ஸ்ப்ருட்டில் கார்களுக்குக் காவல் நிற்பவன்,
ஆற்றுக்கும் அவன்தான்.
"வாய் மூடியே இருக்கிறது, அண்ணே.
மணல்மேட்டில் பையன்கள் பந்தாடுகிறார்கள்."

மூடிய ஆற்றுக்குள் ஏற்றமும் இல்லை வற்றமும் இல்லை.
மேசைமேல் கிடப்பது
வேறு யாரோ ஒருவருடைய ஜாதகம்.
ரிச்மண்ட் பக்கம் மழை என்று வானொலி சொன்னது,
அதுவும் நேற்று.

பதினொன்றே காலுக்கு மறுபடி முசி.
இந்தமுறை எழுத்தில்லை, ஒலி மட்டும்.
முப்பது விநாடி.
காற்று, தூரத்தில் ஒரு நாய்,
பிறகு கரகரவென்று ஏதோ ஒன்று இழுபடுகிறது.
ஆறு மணலை அறுக்கிறதா,
அவன் செருப்பு தேய்கிறதா,
எத்தனை முறை கேட்டும் பிடிபடவில்லை.

சௌந்தரியின் காதருகே வைத்தேன்.
கண்ணை மூடிக் கேட்டாள்.
"மழையா?"
"மணல் என்று நினைக்கிறேன்."
"இன்னொரு தடவை போடுங்கள்" என்றவள்,
காதால் கேட்பதற்கு என்னவோ
மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.
அட்டவணையின் அந்த மூலை,
சனிக்கிழமை இருக்கும் மூலை,
மெல்லச் சுருண்டது.