ஈரக் கழிவு

அருமனையில் மழை விட்ட திங்கட்கிழமை.
ஷட்டரைத் தூக்கும்போதே
ரப்பர் புகையும் ஆசிட்டின் புளிப்பும்
சேலையில் ஏறிவிடும்.
கோயிலுக்கு உடுத்தும் சேலைக்கும் இதே வாடைதான்,
ஒரே பீரோவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதால்.

தராசு பொய் சொல்லாது.
முத்திரை பதித்த எலக்ட்ரானிக் தராசு,
சிவப்பு எண்களில்
எல்லோருக்கும் தெரியத்தான் காட்டுகிறது.
பொய் அடுத்த கட்டத்தில் இருக்கிறது,
நான் பேனாவால் நிரப்பும் கட்டத்தில்:
ஈரம், ரெண்டு கிலோ.
தை வெயிலில் கண்ணாடியாய்க் காய்ந்த ஷீட்டுக்கும்
ஈரம், ரெண்டு கிலோ.
பதினோரு வருடமாக.

நேற்று எனக்கு வாசிப்பு.
செயலர் துண்டுத்தாளில் குறித்துத் தந்த அதிகாரம்.
தெக்கோவா ஊர்க்காரன் ஒருவன்,
ஆடும் காட்டத்தி மரமும் அறிந்தவன்.
கீறிவிட்டால்தான் அந்தக் காய் இனிக்குமாம்,
போதகர் சொன்னார்.
தாசம்மாள் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
விடியுமுன் முந்நூறு மரம் கீறுகிறாள்.
ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் பட்டுப்போகும்.
எந்த ஆழத்தில் வலி தொடங்குகிறதென்று
கத்தி பிடித்த கைக்குத் தெரியும் போல.

அந்த அத்திக்காரன்
நேராகக் கடைத்தெருவைப் பார்த்துப் பேசினான்.
படியைச் சுருக்கும் விரல்களை,
ஓய்வுநாள் எப்போது முடியுமென்று
ஆலயத்துக்குள்ளேயே நேரம் பார்க்கும் கண்களை,
ஒரு சோடிச் செருப்புக் கடனுக்கு
ஆளையே எழுதி வாங்கும் தாளை.
வாசிக்க வாசிக்க
என் கையெழுத்தை யாரோ உரக்கப் படிப்பதுபோல் இருந்தது.
குரலும் என்னுடையது.

பிரசங்கத்தில் அசீரியா வந்தது, பாபிலோன் வந்தது.
மார்த்தாண்டம் மேம்பாலம் வரைகூட
ஒன்றும் வந்து சேரவில்லை.

மூன்றாம் வரிசையில் றசலம் முதலாளி.
கோபுரக் கடிகாரம் அவர் தந்தது.
வெளியே செருப்பு மாட்டும்போது சொன்னார்:
"நல்ல கணீர்ணு வாசிச்ச பிள்ளே.
அடுத்த மாசமும் நீயே வாசி."
அவர் கெட்டவரில்லை.
என் தங்கை குலசேகரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
கேட்காமலே இருபதாயிரம் தந்தவர்.
அதுதான் எனக்குச் சிக்கல்.
அத்திக்காரனுக்கு
இப்படியொரு முதலாளி வாய்த்திருக்க மாட்டார்.

தீர்க்கதரிசி என்றால் வரப்போவதைச் சொல்பவரென்று
ஞாயிறு பள்ளியில்
நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.
ராத்திரி தூக்கமில்லாமல் தோன்றியது,
அதற்கென்ன பெரிய கண் வேண்டும்?
எந்த நோட்டையும்
கடைசிப் பக்கம் வரை கூட்டிப் பார்த்தால் போதாதா.

தாசம்மாள் வந்தாள்.
தலைச்சுமையை இறக்கி, ஒரு ஷீட்டை உருவி
வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
தேன் நிறம். வெள்ளைத் திட்டு ஒன்றுமில்லை.
அந்தப் பக்கம் ஓடும் பேருந்தே தெரிந்தது.
இருபத்தாறு நானூறு.
"நேத்து நீ வாசிச்சது எனக்க காரியம்தானே?"
சிரிப்பில்லை, கோபமுமில்லை.
சிரட்டையில் பால் நிரம்பிற்றா என்று
மரத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

உள்ளறையில் முதலாளி
போனில் கோட்டயம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.
அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.
மை ஒரு புள்ளியாக ஊறிப் பெருத்தது.
வானம் ஒன்றும் திறக்கவில்லை.
மேசைக்கடியில் கால் நடுங்கியது, அவ்வளவுதான்.

கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
இருபத்தாறு நானூறு என்றே கடைசியிலும் எழுதி
தாளைக் கிழித்து நீட்டினேன்.
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.
நன்றி சொல்லவில்லை.
அவளுடையதுதானே.

உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம்.
வரிசையில் அடுத்தது நேசையன்.
ஷீட்டைத் தராசில் வைத்துவிட்டு
எண்ணைப் பார்க்காமல்
என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.