பாவு தெரியும்

மூணு நாளைக்குத் தறி நிறுத்தம்.
நகரியில் எங்கள் தெருவுக்கு
காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.
எதிர்வீட்டுக் குக்கர் விசில்கூட
பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது.

ஹேமலதாவுக்கு லீவு இல்லை.
சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனி.
அங்கே போகி ராத்திரி என்று ஒன்று கிடையாது,
சி ஷிப்ட்தான் உண்டு.
காலை ஆறே காலுக்கு பஸ் வந்து
ரயில்வே கேட் பக்கம் இறக்கிவிடும்.
அதற்குள் அதிரசம் சுட்டு வைப்பதாக
நான்தான் வாயைக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பாவு தெரியும்.
மூவாயிரம் இழையில் ஒன்று அறுந்தால்
தூக்கத்திலும் விரல் போய் முடிச்சுப் போடும்.
பாகு தெரியாது.
ஒரு எழுத்துதானே வித்தியாசம் என்றான் தணிகாசலம்.
அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

பத்து மணிக்கு மேல் வந்தார்கள்,
மஸ்தான் ஜல்லிக்கரண்டியோடு,
சுப்பராயுடு ஒரு பொட்டலம் எள்ளோடு.
அதிரசத்துக்கு எதுக்குடா எள்ளு?
இது அதிரசம் இல்லை, அரிசெலு.
சுக்குதான் போடணும் என்று தணிகாசலம்,
எள்ளில்லாமல் பண்டிகையா என்று சுப்பராயுடு.
பேரை அப்புறம் வைங்க,
முதல்ல பொறக்கட்டும் என்றான் மஸ்தான்.

வெல்லம் கொதித்தது.
புத்தூரிலிருந்து சுப்பராயுடுவின் மனைவி
போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தாள்,
உண்ட பாகம் வச்சிந்தா? வச்சிந்தா?
தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினேன்.
உருண்டதுபோலத்தான் இருந்தது.

முதல் அதிரசம் எண்ணெயில் இறங்கி
ஒரு நொடி வட்டமாக நின்றது.
பிறகு மனசை மாற்றிக்கொண்டது.
இரண்டாவதும் அப்படித்தான்.
மூன்றாவது, இறங்கும்போதே பிரிந்தது.
சட்டி முழுக்கப் பழுப்பு மணல்.
மாவு கொஞ்சம் சேர்த்து, அடுப்பில் மறுபடி கிளறி
நாலாவதைச் சுட்டோம்.
தணிகாசலம் அதைச் சுவரில் தட்டினான்.
சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

இதையும் போகியில் போட்டுடலாம்,
புதுசை எரிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?
சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.
மணி மூன்று.
போன் எப்போதோ கட்டாகியிருந்தது.

அப்போதுதான் மஸ்தான்
ஜல்லியில் அள்ளி வடித்த தூளை வாயில் போட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு பிடி எடுத்தான்.
மாவு தீரும்வரை பொரித்து
தூக்கு நிறைய நிரப்பினோம்.

விடியலில் தெருவெல்லாம் புகை.
கிழிந்த பாய், விரிசல் விட்ட தார்ப்பெட்டி,
யாரோ ஒரு பையனின் கணக்கு நோட்டு.
பையன்களின் தப்பட்டைச் சத்தத்துக்குள் வண்டியை ஓட்டி
நாலு பேரும் கேட்டுக்குப் போனோம்.

ஹேமலதா இறங்கினாள்.
நெற்றியில் தொப்பி எலாஸ்டிக்கின் தடம்,
கையில் கம்பெனி கொடுத்த ஸ்வீட் பாக்ஸ்.
எண்ணெய்ச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
உடைஞ்சிடுச்சா?
தூக்கை நீட்டினேன்.
நின்றபடியே கைவிட்டு அள்ளித் தின்றாள்,
வயிற்றுக்குள் ராத்திரி முழுக்கக் காத்திருந்தவள் மாதிரி.
இதுக்கு என்ன பேரு?
யாருக்கும் தெரியவில்லை.

பஸ் ஜன்னல் ஒன்று திறந்தது. அக்கா, என்னக்கா அது?
இன்னொரு ஜன்னல். ஏமிட்டி, ஏமிட்டி?
மருதாணி உள்ளங்கைகள், பிளாஸ்டர் ஒட்டிய ஒரு விரல்.
டிரைவரும் கை நீட்டினார்.
உள்ளே போன தூக்கு
மூடி இல்லாமல் திரும்பி வந்தது.
அந்த மூடி இப்போது புத்தூர் தாண்டியிருக்கும்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து
விரலைச் சூப்பியபடி சொன்னாள்,
எள்ளு போட்டது நல்லாருக்கு.

தெருமுனை வரைக்கும்
தணிகாசலம் வாயைத் திறக்கவே இல்லை.