மூன்றாம் பிரதி

நான் மூட வருகிறவன்.
லிவோர்னோவில் பாக்கி வைத்தவர்கள் வீட்டுக்கு
எரிவாயு நிறுவனம் அனுப்பும் கை.
ஒரு சாவி, ஓர் ஈய முத்திரை,
மூன்று பிரதி விழுகிற படிவம்.
நேரம் எழுத அதில் கட்டம் உண்டு.
காரணம் எழுதக் கட்டம் இல்லை.

மின்தூக்கி பழுது. மூன்று மாடி. ஜூலை.
கதவைத் திறந்தவள் கையில் மரக்கரண்டி.
படிவத்தின்படி அவள் பெயர் ஓர்னெல்லா பல்தாச்சி.
"நீங்கதானா" என்றாள்,
தபால்காரரைக் கேட்பதுபோல.
"வெங்காயம் இப்பத்தான் போட்டேன்."

சிஞ்ஞோரா, எனக்கு இன்னும் ஏழு வீடு இருக்கிறது.
"அப்போ தக்காளியை நீ பிசை."

பிசைந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
வெந்நீரில் முக்கியெடுத்த நீளத் தக்காளி,
அடியில் சிலுவைபோல ஒரு கீறல்,
தோல் பழைய கையுறைபோல் கழன்று வந்தது.
உள்ளே சூடு இன்னும் ஆறவில்லை.
விதையும் சாறும் சட்டையில் தெறித்தன,
நிறுவனத்தின் பெயருக்குச் சரியாக நடுவில்.
தோலைப் போட அவள் நகர்த்திக் கொடுத்தது
எங்கள் கடித உறை ஒன்று.
பிரிக்காதது.

பூண்டு எங்கே என்றேன்.
வெங்காயம் இருக்க பூண்டு எதற்கு என்றாள்.
என் வீட்டில் இரண்டும் போடுவோம் என்றேன்.
அதனால்தான் உனக்கு இந்த முகம் என்றாள்.
புளிப்பு அடங்க ஒரு சிட்டிகை சர்க்கரை என்று
வாயெடுத்தேன்;
கடன் கேட்டு வந்தபோதுகூட
என்னை அவள் அப்படிப் பார்க்கவில்லை.

நாலு அடுப்பில் ஒன்றுதான் எரிந்தது.
அந்த ஒரு நீல வட்டத்தைத்தான்
நான் எடுத்துப்போக வந்திருந்தேன்.

இன்னும் எவ்வளவு நேரம்?
"எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை."
கைக்கடிகாரம் கட்டியவனுக்கு அது பதிலா?
உட்கார்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே சார்தீனியாக் கப்பல்
ஒருமுறை ஊளையிட்டது.
"மார்ச் வரைக்கும் அதுக்கு நான்தான் டிக்கெட் கொடுத்தேன்.
இப்போ எந்திரம் கொடுக்குது.
உப்பு பார்."
எல்லாம் ஒரே மூச்சில்.
கரண்டி நுனியை நீட்டியபடியே இருந்தாள்.
நாக்கு சுட்டது.
சரியாக இருக்கிறது என்றேன்.
சரியாகத்தான் இருந்தது.

மெல்ல மெல்லச் சிவப்பு கருத்தது.
ஓரங்களில் எண்ணெய் பொன்னாய்த் திரண்டது.
பேசில் இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளிப் போட்டாள்.
அப்புறம் பால்கனிப் பக்கம் தலையசைத்தாள்.
மீட்டர் அங்கேதான் இருந்தது.

திருகினேன்.
நீலம் சுருங்கி, பொட்டாகி, போயிற்று.
சட்டிக்கு அது தெரியவில்லை.
பொளக் என்றது.
கொஞ்சம் கழித்து இன்னொரு பொளக்.
நானும் அவளும் மூன்றாவதற்காகக் காத்து நின்றோம்.
வந்தது.

அப்போதுதான் பார்த்தேன்:
தொட்டியருகே பெரிய பாத்திரம் நிறையப் பச்சைத் தண்ணீர்,
பக்கத்தில் ஸ்பகெட்டிப் பொட்டலம்.
ஒற்றை அடுப்பு.
சாஸ் இறங்கினால்தானே தண்ணீர் ஏறும்?
அவள் முதலில் என்னைப் பார்த்தாள்,
பிறகு பொட்டலத்தை.
"அட, முட்டாள்" என்றாள்.
எங்களில் யாரை என்று சொல்லவில்லை.
சிரித்தது அவள்தான் முதலில்.

ரொட்டி இருந்தது. நேற்றையது.
எங்கள் பக்கத்து ரொட்டியில் உப்பே இராது,
சாஸில் இருந்தது.
சட்டியிலேயே தோய்த்து நின்றபடி தின்றோம்.
சம்பளம் ஒருவர் உப்பு,
மதியச் சாப்பாடு ஒருவர் உப்பு.
இனி யாருக்கு விசுவாசமாக இருப்பது
என்று யோசிக்குமுன் ரொட்டி தீர்ந்துவிட்டது.

பன்னிரண்டு பத்துக்கு மூடியிருக்க வேண்டும்.
ஒன்று ஐந்து என்று எழுதினேன்.
அவள் கையெழுத்துப் போட்டாள், திருத்தமாக,
டிக்கெட்டுகளில் போட்டுப் பழகிய கை.
முத்திரைக் கம்பியை முறுக்கும்போது
உதவிக்கு விளக்குப் பிடித்தாள்.

படியில் இறங்கும்போது கவனித்தேன்,
மூன்றாம் பிரதியில்
என் கட்டைவிரல் சிவப்பாய் விழுந்திருந்தது,
நடுவே ஒரு விதையோடு.
அது அலுவலகத்துக்குப் போகிற பிரதி.