முப்பத்து நான்காவது நகர்த்தல்

மாட்டுங்காவில் ஜெயித்துவிட்டு
ஒன்பது ஐம்பத்திரண்டு ஸ்லோ லோக்கலில் நிற்கிறேன்.
ஒரு கையில் கம்பி, மறு கையில் ஃபோன்.
என்ஜின் சொல்கிறது: நான் செத்திருந்தேன்.

முப்பத்து நான்கில்
நாட்கர்ணி தன் ராஜாவை
ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம்
எச் இரண்டுக்கு ஒதுக்கியிருந்தால் போதும்.
செக் இல்லை, வெட்டு இல்லை,
படியில் யாருக்கோ வழிவிட்டு நிற்பது மாதிரி.

பதினோரு நிமிஷம் யோசித்தார்.
விரல் ராஜாவின் தலைக்கு மேலே வந்தது.
நான் தண்ணீர் குடிப்பவன்போல் பாட்டிலைத் தூக்கினேன்,
மூடியைத் திறக்காமலே.
விரல் விலகி
யானையைத் தொட்டது.
தொட்டால் நகர்த்தியாக வேண்டும்.

குர்லாவில் கூட்டம் என்னை உள்ளே தள்ளுகிறது.
அவரிடமிருந்து செய்தி:
"எங்கே கோட்டை விட்டேன்?"

காஞ்சூர் வரைக்கும் அழித்தழித்து எழுதி
அனுப்பினேன்:
"ஓப்பனிங்கிலேயே, சார்."