நானூறு சுற்று

டனீடினில் ஜூலை.
கராஜுக்குள்ளும் மூச்சு புகையாகிறது.
குமிழை நாலாம் கோட்டில் வைத்தால்
லேத் விக்குகிறது, நிற்கிறது,
பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி
இரண்டாயிரம் சுற்றுக்கு எகிறுகிறது.

சக்கில் பாதி கடைந்த பித்தளை:
ஐல்சாவின் கார்னெட்டுக்கு ஊதுவாய்.
உள்வளைவுக்கு நானூறு சுற்று போதும்.
அந்த நானூறுதான் கிடைக்கவில்லை.
ஞாயிறு பத்து மணிக்கு அவள் ஊத வேண்டும்.
இன்று வியாழன்.

"போர்டு போச்சு" என்று டூகல்ட்
போனிலேயே தீர்ப்புச் சொன்னான்.
நூற்றுப் பத்து டாலர். வாங்கி மாட்டினேன்.
புதுப் போர்டிலும் அதே விக்கல்.

குமிழுக்கு அடியில் மீட்டரின் முட்களை வைத்துத் திருகினேன்.
சுழியத்தில் தொடங்கி
நாலாயிரத்து எழுநூறு ஓம் வரை
எங்கும் கால் இடறாமல் ஏறியது எண்.
சக்கின் மூடியோடு ஒட்டிய குட்டி சுவிட்ச்,
முன்னும் பின்னும் மாற்றும் சுவிட்ச், ஃப்யூஸ்,
விசாரித்த எல்லோரும் யோக்கியர்கள்.

இரவு பதினொன்று.
என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்த மொய்ரா
(பள்ளி நாடகங்களுக்கு விளக்குப் போடுகிறவள்)
"மோட்டாரைக் கழற்று, அந்த இடத்தில் பல்பைக் கட்டு" என்றாள்.
கோழிக்குஞ்சுப் பெட்டியின் நூறு வாட் குண்டு பல்பு.

திருகினேன்.
இழை முதலில் நினைவு போலச் சிவந்தது
பிறகு நெல்லிக்காய் மஞ்சள்
பிறகு கராஜ் முழுக்க வெள்ளை,
தொங்கும் சைக்கிளின் நிழல் உட்பட.
ஒரு நடுக்கமும் இல்லை.
பழைய போர்டை மாட்டினேன். அதுவும் அப்படியே.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிளக்கைப் பிடுங்கி,
கெபாசிட்டர் ஆற ஒரு டீ நேரம் கொடுத்து,
மோட்டாரின் காதோர மூடியைத் திறந்தேன்.
ஒரு கரித்துண்டு விரல்நுனி நீளம்.
மற்றது உளுந்தளவு,
தன் தூளிலேயே கெட்டியாகச் சிக்கி
ஸ்பிரிங் தள்ளத் தள்ள நகராமல்.
அது தொடாமல் இருந்த நேரமெல்லாம்
போர்டு இன்னும், இன்னும் என்று தள்ளியிருக்கிறது.
தொட்டதும் பாய்ச்சல்.

புதுக் கரி திங்கள்தான் வரும் என்றார்கள்.
வீட்டில் இன்னொரு மோட்டார் இருந்தது.
அதன் கரி கொஞ்சம் பருமன்.
உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து
விடியும்போது பொருந்தியது.

நானூறு.
அசையாத நானூறு.
பித்தளை சுருள் சுருளாக இறங்கி
என் சட்டைக் கையில் உட்கார்ந்தது.

ஞாயிறு, சர்ச் மண்டபம், மூன்றாம் வரிசை.
ஐல்சா கன்னம் உப்பி, கண் மூடி.
மொய்ரா என் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்,
நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.
பாட்டு முடியட்டும் என்று பொறுத்திருந்து,
கைதட்டலுக்கு நடுவில் கேட்டாள்:
"வாக்குவம் கிளீனர் ஏன் ஓடவில்லை?"