ஒருவருக்கான கட்டம்

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்
பென்சிலால் கோடு போட்டு
கணக்கெழுதுகிறார் ஆர்வோ.
கெமி நகரில் மணி மூன்றுதான்,
அதற்குள் விளக்கு.

காகித ஆலைக்குப் போய்வரும் பெட்ரோலை அடித்துவிட்டார்.
ஆலை உணவகத்துச் சூப்பையும்.
"பார், இப்போதே பணக்காரர்கள்."

வாசல் பனியை யார் தள்ளுவது, என்றேன்.
நான்தான்.
எழுபத்தெட்டிலுமா?
பென்சில் நின்றது.
இதுவரை விலையே இல்லாதிருந்த தன் தோளுக்கு
மாதம் நாற்பது யூரோ என்று எழுதினார்,
கொஞ்சம் ரோஷத்தோடு.

விறகு. பல். காது மெஷின்.
காப்பியில் கை வைக்கக் கூடாது என்று
இருவருமே ஒப்புக்கொண்டோம்.
விலைவாசி ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஏறுமாம்,
வங்கிக்காரப் பெண் சொன்னாள்.
வெண்ணெயிடம் யாரும் சொல்லவில்லை போல.

எண்பத்து மூன்றாம் வயதுக் கட்டத்தில்
இருவர் என்றிருந்தது
ஒருவர் என்று மாறியிருந்தது.
யார் என்று நான் கேட்கவில்லை.
கீழே எல்லாத் தொகையும்
ஒழுங்காகப் பாதி.

அதை மட்டும் தப்பு என்றேன்.
ஆள் குறைந்தால்
கூரைக்கு வரி குறையாது.
கொதிகலன் பாதி வீட்டைச் சூடாக்காது.
சவுனாவுக்கு ஒருவர் போனாலும்
அதே பத்துக் கட்டை வேண்டும்.

ரப்பரைத் தேடினோம், அகப்படவில்லை.
விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார்.
அந்த வருடம்
ஓட்டையாகிவிட்டது.
அதன் வழியே மேசை தெரிந்தது.

"எங்கள் ஆலைத் தாள் என்றால்
இப்படிக் கிழியாது" என்றார்.