மீந்த பயம்

கேட்டோ ரிட்ஜ் கசாப்புக் கூடத்திலிருந்து
ஐஸ்பெட்டியில் வந்தது.
சிறுநீரகத்தின் மேல் தொப்பியாய் இருந்த சுரப்பி
இப்போது என் தட்டில், செல் செல்லாக.

ஒருபுறம் கண்ணாடி ஊசி, மறுபுறம் கரிநார்.
மின்னழுத்தம் மாற்றினேன். வாசல் திறந்து
கால்சியம் உள்ளே பாய,
பைகள் ஒவ்வொன்றாய் உடைகின்றன.
மாடு செலவழிக்காமல் விட்டுப்போன பயம்
திரையில் முள் முள்ளாய்.

"அதுக்கு வலிக்குமா?" என்றான் கும்சீலன்.
காட்மியம் ஒரு சொட்டு.
கோடு படுத்துக்கொண்டது.

எட்டரை மணி. டர்பன் முழுக்க மின்வெட்டு.
ரோபோ விளக்கு செத்த சந்திப்பில்
கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

மெழுகுவத்தி விற்கும் பையன்.
இரண்டு வாங்கினேன்.
ரேண்ட் சில்லறை எண்ணும் என் விரல்களுக்கு
இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.